புரதத்தின் உருவைப் படிப்பது: இணையக் காப்பகங்களும் நம் மருந்துத் தொழிலும்

இருங்காட்டுக்கோட்டை என்றால் கார், ஒரகடம் என்றால் லாரியும் புல்லட்டும், ஸ்ரீபெரும்புதூர் என்றால் கண்ணாடியும் செல்போனும். இந்த வட்டாரத்தை நாம் பெரும்பாலும் இப்படித்தான் அறிந்திருக்கிறோம். அதே இருங்காட்டுக்கோட்டை சிப்காட் பூங்காவில் ஆர்க்கிட் பார்மாவின் மருந்து வடிவாக்க ஆலையும் இருக்கிறது. செஃபலோஸ்போரின் வகை ஆண்டிபயாடிக் மருந்துகள் இந்த நிறுவனத்தின் முதன்மைச் சரக்கு.

செஃபலோஸ்போரின் தாக்குவது பாக்டீரியாவின் ஒரு புரதத்தை. அந்த மருந்தை வெட்டிப் பயனற்றதாக்குவதும் பாக்டீரியாவின் இன்னொரு புரதம்தான். இரண்டின் முப்பரிமாண உருவமும் அணு அணுவாக அளக்கப்பட்டு, இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்டுள்ளது. கட்டணம் இல்லை, கடவுச்சொல் இல்லை. செல்போன் உள்ள எவரும் திறந்து, திருப்பி, பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்தக் காப்பகங்கள் எப்படி உருவாயின, அவற்றில் உள்ளதை எவ்வளவு நம்பலாம், தமிழ்நாட்டின் பங்கு என்ன, மருந்தும் மருத்துவக் கருவியும் செய்யும் வட்டாரத்துக்கு அவற்றால் ஆகக்கூடியது என்ன என்ற கேள்விகளை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

காப்பகம் உருவான வரலாறு

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சங்கிலி மடிந்து தனக்குரிய உருவத்தை எடுத்த பிறகே பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யத் தொடங்கும். அந்த உருவத்தைக் காண்பது ஒரு காலத்தில் வாழ்நாள் உழைப்பாக இருந்தது. டோரத்தி ஹாட்ஜ்கின் 1930களில் இன்சுலின் படிகத்தை எக்ஸ் கதிரில் படமெடுத்தார். அதன் முழு அமைப்பை வெளியிட்டது 1969இல். இடையில் 1958இல் ஜான் கெண்ட்ரூ மயோகுளோபின் என்ற புரதத்தின் உருவத்தைக் கண்டார். அதற்காக அவரும், ஹீமோகுளோபினை ஆராய்ந்த மேக்ஸ் பெரூட்ஸும் 1962இல் நோபல் பரிசு பெற்றனர்.

இப்படி அரும்பாடுபட்டுக் கண்ட உருவங்களை எல்லோருக்கும் பொதுவாக ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கியது. ஆங்கிலச் சுருக்கத்தில் பிடிபி. தொடக்கத்தில் அதிலிருந்தவை ஏழே அமைப்புகள். கேட்டவர்களுக்குக் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். 2023 தொடக்கத்தில் அதன் இருப்பு 2 லட்சத்தைத் தாண்டியது. புரத அமைப்பு பற்றிய கட்டுரையை வெளியிட வேண்டுமானால் அணுக்களின் இடப்புள்ளிகளை முதலில் பிடிபியில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் விதித்த கட்டாயம் இந்த வளர்ச்சிக்கு ஒரு பெரிய காரணம்.

2003 முதல் இது உலகப் பொதுக் கூட்டமைப்பாக நடக்கிறது. அமெரிக்காவின் ஆர்சிஎஸ்பி, இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் உள்ள பிடிபிஇ, ஜப்பானின் பிடிபிஜே ஆகிய தளங்கள் ஒரே தரவைத்தான் வைத்திருக்கின்றன. காட்டும் விதத்திலும் தரும் கருவிகளிலும்தான் வேறுபாடு. தரவு முழுவதும் பொதுச் சொத்து. எடுத்தாளவும் மாற்றவும் வணிகத்துக்குப் பயன்படுத்தவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சென்னை தந்த அளவுகோல்

பிடிபியில் எந்தப் பதிவைத் திறந்தாலும் அதனுடன் ஒரு தரச் சான்றறிக்கை இருக்கும். அதில் தவறாமல் இடம்பெறும் ஒரு வரி, ராமச்சந்திரன் வரைபடத்துக்குப் பொருந்தாத அமினோ அமிலங்கள் எத்தனை சதவீதம் என்பது. அந்த வரைபடம் பிறந்தது மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில்.

ஜி. என். ராமச்சந்திரன் 1952இல், முப்பது வயதில், அங்கே இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பெர்னல் என்ற பிரிட்டிஷ் படிகவியலாளர், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று சொல்லிப் போனார். கொலாஜன்தான் தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம். பக்கத்து அடையாறில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பொருள் தந்து உதவியது. கங்காருவின் வால் தசைநாணில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் கட்டுரைகள் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய அமைப்பே கொலாஜன் என்பது அவர்கள் முடிவு.

அந்த மாதிரியில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாக மேல்நாட்டு அறிஞர்கள் ஆட்சேபித்தனர். அதை ராமச்சந்திரன் ஒரு பொதுக் கேள்வியாக மாற்றினார்: புரதச் சங்கிலியில் இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? முன்பே தெரிந்திருந்த சிறு மூலக்கூறு அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் இருபுறமும் சங்கிலி சுழலக்கூடிய இரண்டு கோணங்களை, ஃபை, சை என்று குறித்து, எந்தெந்தச் சேர்க்கையில் அணுக்கள் மோதுகின்றன, எவற்றில் மோதவில்லை என்று கணக்கிட்டார்கள். மோதல் இல்லாத பகுதிகள் ஒரு சதுரப் படத்தில் சில தீவுகளாக ஒதுங்கின. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் இதை வெளியிட்டனர். பிடிபி தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, மிகச் சில புரதங்களின் உருவமே தெரிந்திருந்த காலம் அது.

இன்றைக்கும் ஒரு புதிய அமைப்பு காப்பகத்துக்குள் வரும்போது அதன் அமினோ அமிலங்கள் அந்தத் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்று பார்க்கிறார்கள். பல வெளியே விழுந்தால் மாதிரியில் பிழை இருக்கலாம் என்று பொருள். 1994இல் கொலாஜன் போன்ற ஒரு சிறு சங்கிலியின் படிக அமைப்பு 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியானது; ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. காப்பகத்தில் அதன் குறியீடு 1சிஏஜி. சென்னையில் முன்வைத்த மூன்று இழைப் பின்னலை அணு அளவில் அதில் பார்க்கலாம். அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் ஹெலன் பெர்மன். பிடிபி தொடங்கிய நாளிலிருந்தே அதனுடன் இருந்தவர், பின்னர் ஆர்சிஎஸ்பி தளத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர்.

இரண்டு நொதிகள், ஒரு மருந்து

காப்பகத்தின் பயனை உணர ஒரே ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்தால் போதும். ஆண்டிபயாடிக் மருந்தைப் பாக்டீரியா எப்படித் தோற்கடிக்கிறது?

பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளின் நடுவில் நான்கு அணுக்கள் கொண்ட இறுக்கமான ஒரு வளையம் உண்டு. பீட்டா லாக்டம் என்று பெயர். பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதத்துடன் இந்த வளையம் பிணைந்து அதை முடக்குகிறது. பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் அந்த வளையத்தை முன்கூட்டியே உடைத்துவிடுகின்றன.

ஆர்சிஎஸ்பி தளத்தின் தேடல் பெட்டியில் 1பிடிஎல் என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் இடுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவின் டெம்-1 என்ற பீட்டா லாக்டமேஸ் வரும். நுட்பம் 1.8 ஆங்ஸ்ட்ராம். முப்பரிமாணக் காட்சியைத் திறந்து, அமினோ அமில வரிசையில் 70ஆம் எண்ணைச் சொடுக்கினால் செரின் என்ற அமினோ அமிலம் ஒளிரும். மருந்தின் வளையத்தைத் தாக்குவது அதன் ஆக்சிஜன் அணு. அருகிலேயே 166ஆம் எண்ணில் குளுட்டமேட். அது ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிட, உடைந்த மருந்து விடுபடுகிறது. நொதி அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சிடிஎக்ஸ்-எம்-15 என்ற நொதி இந்தியாவில் எடுத்த கிருமிகளில் முதலில் அடையாளம் காணப்பட்டு, உலகெங்கும் பரவியது. அதன் அமைப்பு 4எச்பிடி. அங்கேயும் 70ஆம் இடத்தில் செரின்தான்.

இப்போது 3கியூ6எக்ஸ் என்ற பதிவைத் திறவுங்கள். இது என்டிஎம்-1 என்ற இன்னொரு பீட்டா லாக்டமேஸ், 2011இல் வெளியான அமைப்பு, 1.3 ஆங்ஸ்ட்ராம் நுட்பம். தாக்கும் செரினை இங்கே தேடினால் கிடைக்காது. குழியின் அடியில் இரண்டு துத்தநாக அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றை 120, 122, 189 ஆகிய இடங்களின் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன. மற்றொன்றை 124ஆம் அஸ்பார்டேட், 208ஆம் சிஸ்டீன், 250ஆம் ஹிஸ்டிடின் பிடித்திருக்கின்றன. பக்கத்தில் உடைந்த ஆம்பிசிலின் மருந்தின் மூலக்கூறே படிகத்தில் சிக்கிக் கிடக்கிறது. குற்றம் நடந்த இடம் தடயத்தோடு நமக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த நொதிக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்புண்டு. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் இதன் பரவலைப் பற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. என்டிஎம்-1 கொண்ட கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அக்கட்டுரை பதிவு செய்தது. இரண்டாண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி ஆண்டிபயாடிக் எதிர்ப்பை எதிர்கொள்ளும் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கின.

1பிடிஎல், 3கியூ6எக்ஸ் ஆகிய இரண்டு உருவங்களையும் அருகருகே பார்த்தவருக்கு ஒரு மருந்தின் எல்லை விளங்கிவிடும். ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு, செஃபெபைம் என்ற செஃபலோஸ்போரினுடன் சேர்த்துத் தரப்படுகிறது. செரின் வகை பீட்டா லாக்டமேஸ்களை முடக்கி செஃபெபைமைக் காப்பது அதன் வேலை. அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனம் உரிமம் பெற்று அதை வளர்த்தெடுத்தது. 2022இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் 1,041 பேர் சேர்க்கப்பட்டனர். சிக்கலான சிறுநீர்த் தொற்றில் இந்தக் கூட்டு மருந்து 79.1 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. ஒப்பிட்ட பிப்பராசிலின்-தாசோபாக்டம் 58.9 சதவீதத்தினருக்கு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. சென்னை நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த மூலக்கூறு அந்த நிலைக்கு உயர்ந்தது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

பழைய தாசோபாக்டமுக்கும் இதற்கும் வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதிதான். அதனால் ஒரு நேர்மின்னூட்டம் கூடுகிறது. மூலக்கூறின் மொத்த மின்னூட்டம் சமன்படுவதால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கடப்பது எளிதாகிறது. ஆனால் என்டிஎம்-1 நொதியை இது முடக்காது. ஏன் என்று 3கியூ6எக்ஸ் காட்டிவிடுகிறது: இது பிணைய வேண்டிய செரின் அங்கே இல்லை. துத்தநாகத்தை எதிர்கொள்ள வேறு வகை மூலக்கூறு வேண்டும்.

கண்ட உருவமும் கணித்த உருவமும்

2021 ஜூலையில் காட்சி மாறியது. டீப்மைண்ட் நிறுவனமும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தைத் திறந்தன. அமினோ அமில வரிசையிலிருந்தே உருவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவின் விளைச்சல் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதன் இருப்பு 20 கோடியைத் தாண்டியது. இதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஐம்பதாண்டு உழைப்பில் 2 லட்சம், ஓராண்டில் 20 கோடி. இந்த எண்களை மட்டும் வைத்து, இனி ஆய்வுக்கூடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. பிடிபியில் இருப்பது பரிசோதனையில் கண்டது. ஆல்ஃபாஃபோல்டில் இருப்பது கணித்தது. அந்தக் கணிப்புக்குப் பாடநூலாக இருந்ததும் பிடிபியின் தரவுதான்.

கணிப்பில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் நம்பிக்கை மதிப்பெண் தரப்படுகிறது. 90க்கு மேல் கருநீலம், 70 முதல் 90 வரை வெளிர்நீலம், 50 முதல் 70 வரை மஞ்சள், 50க்குக் கீழ் ஆரஞ்சு. ஆரஞ்சுப் பகுதியில் நாடாவாக நீண்டு தொங்குவதை உண்மை உருவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே நிலையான உருவமே இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு குறை மருந்துத் துறைக்கு மிக முக்கியமானது. அந்தத் தளத்தின் மாதிரிகளில் புரதச் சங்கிலி மட்டுமே உண்டு. உலோக அயனியோ மருந்தோ நீரோ இருக்காது. என்டிஎம்-1ஐ அங்கே திறந்தால் மடிப்பு சரியாக வரும், துத்தநாகம் இரண்டும் இருக்காது. அதாவது வேலை செய்யும் பகுதியே விடுபட்டிருக்கும்.

பரிசோதனை அமைப்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் ஒரு பாகத்தின் டிராயிங்கைக் கையில் வாங்கியதும் முதலில் டாலரன்ஸ் என்ன என்று பார்ப்பார்கள். புரத அமைப்பில் அந்த இடத்தில் இருப்பது ஆங்ஸ்ட்ராம் கணக்கில் சொல்லும் நுட்ப அளவு. எண் சிறிதாக இருந்தால் நுட்பம் அதிகம். 1.3இல் தனித்தனி அணுக்களைப் பிரித்தறியலாம். 3க்கு மேல் போனால் சங்கிலியின் போக்கு தெரியும், பக்கக் கிளைகளின் இடம் ஐயத்துக்குரியது. பெரும்பாலான பதிவுகள் எக்ஸ் கதிர்ப் படிகவியலில் வந்தவை. காந்த ஒத்ததிர்வு முறையில் வந்தவற்றில் ஒரே புரதத்துக்குப் பல மாதிரிகள் இருக்கும். உறைநிலை மின்னணு நுண்ணோக்கி, படிகமாக மறுக்கும் பெரிய கட்டமைப்புகளைக் காட்டுகிறது. 2017இன் வேதியியல் நோபல் அதற்குத்தான். எந்த முறை, எவ்வளவு நுட்பம், சான்றறிக்கை என்ன சொல்கிறது என்ற மூன்றையும் பார்க்காமல் படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆய்வேட்டில் ஒட்டுவது படிப்பாகாது.

எங்கே எதைத் தேடுவது

புரதத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் யூனிபுராட்டில் தொடங்குவது நல்லது. அமினோ அமில வரிசை, வேலை, தெரிந்த மாற்றங்கள், எந்தெந்த பிடிபி பதிவுகள் உள்ளன என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அங்கிருந்து பிடிபிக்குப் போய், மருந்தோ உலோகமோ ஒட்டிய அமைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். பரிசோதனை அமைப்பே இல்லாதபோது ஆல்ஃபாஃபோல்டுக்குப் போகலாம். மடிப்பின் குடும்பத்தை அறிய கேத், ஸ்காப் தளங்கள் இருக்கின்றன. வரிசையில் ஒற்றுமை மங்கிப்போன தூரத்து உறவுகளை உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது ஃபோல்டுசீக். நுண்ணோக்கியில் கிடைத்த மூல வரைபடங்கள் இஎம்டிபியில் இருக்கின்றன.

நம் பக்கத்திலிருந்தும் இந்தப் பட்டியலுக்குப் பங்களிப்பு உண்டு. ஒரு அமினோ அமிலம் மாறினால் புரதம் எந்த வெப்பநிலையில் குலையும் போன்ற அளவுகளைத் திரட்டும் புரோதெர்ம் தரவுத்தளத்தை 1999இல் வெளியிட்ட குழுவில் எம். மைக்கேல் குரோமிஹா முதன்மையானவர். சென்னை ஐஐடியில் அவருடைய குழு அதைப் புதுப்பித்து புரோதெர்ம்டிபி என்று வழங்குகிறது. ஆலையில் நொதியை வெப்பம் தாங்கும்படி மாற்ற நினைப்பவர்களுக்கு உருவத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய எண்கள் அங்கே உள்ளன.

வட்டாரத்துக்கு என்ன பயன்

மருந்து ஆலையின் அன்றாட வேலைக்குப் புரத உருவம் தேவையில்லை என்று சொல்லலாம். மாத்திரை அழுத்தும் இயந்திரத்தை இயக்க அது தேவையில்லைதான். ஆனால் இந்த வட்டாரத்தின் அண்மை வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. ஆர்க்கிட்டின் ஊசிமருந்துத் தொழிலை, இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென இருந்த ஆலையோடு 2010இல் ஹாஸ்பிரா என்ற நிறுவனம் வாங்கியது. 2015இல் ஹாஸ்பிராவை பைசர் வாங்கியது. 2019 தொடக்கத்தில், தயாரிப்புகளுக்கான நீண்டகாலத் தேவை குறைந்துவிட்டதாகக் கூறி அந்த ஆலையை மூடப்போவதாக பைசர் அறிவித்தது. காப்புரிமை முடிந்த பழைய மருந்தைச் செய்து தரும் திறமை மட்டும் இருந்தால், தேவை நகரும்போது ஆலையும் நின்றுபோகும். ஆர்க்கிட் கைமாறி நெருக்கடிகளைக் கடந்த பின்பும் அதன் பெயரை நிலைக்கவைத்தது சொந்தமாகக் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் மூலக்கூறு.

உருவத்தைப் பார்த்ததும் மருந்து வந்துவிடாது என்பதையும் அதே மூலக்கூறின் கதை சொல்கிறது. கண்டுபிடிப்பிலிருந்து ஒப்புதல் வரை பத்தாண்டுக்கும் மேல் ஆனது. நஞ்சுத்தன்மை, உடலில் நிலைத்திருக்கும் நேரம், மனிதர்களில் சோதனை ஆகியவற்றைக் காப்பகம் தர முடியாது. எந்த வழியில் போனால் முட்டுச்சந்து என்று முன்கூட்டியே காட்டி, வீண்செலவைக் குறைக்க அதனால் முடியும்.

ஒரகடத்தில் அமையும் 350 ஏக்கர் மருத்துவக் கருவிகள் பூங்காவுக்கும் இது பொருந்தும். சர்க்கரை அளக்கும் பட்டைகள் பலவற்றின் உயிர்நாடி குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதன் அமைப்பு 1ஜிஏஎல் என்ற பதிவில் உள்ளது. பட்டையை இறக்குமதி செய்து பெட்டியில் அடைப்பவருக்கு அந்தப் பதிவு தேவைப்படாது. பட்டையைத் தானே வடிவமைக்க நினைப்பவர் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கான மனிதவளம் பக்கத்திலேயே இருக்கிறது. பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி, தண்டலத்தில் ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி, இரண்டிலும் உயிர்த்தொழில்நுட்பப் பாடப்பிரிவு உண்டு. அந்த வகுப்பறைகளையும் ஆலைகளையும் இணைப்பது ஒரே நெடுஞ்சாலை. ஆலை கையாளும் ஒரு மருந்தை எடுத்து, அதன் இலக்குப் புரதம், அதை எதிர்க்கும் நொதிகள், அவற்றில் தெரிந்த மாற்றங்கள் ஆகியவற்றைப் பிடிபியிலிருந்து திரட்டி மதிப்பிட்டு அறிக்கை தருவது இறுதியாண்டுத் திட்டமாக இருக்கலாம். செலவு ஒரு கணினியும் இணைய இணைப்பும்தான். இரண்டு தரப்புக்கும் அதனால் பயன்.

முடிவுரை

புரத உருவங்களைக் காணும் வாய்ப்பு இன்று கேம்பிரிட்ஜுக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் சமமாகக் கிடைத்துவிட்டது. சமமாகாமல் இருப்பது படிக்கும் பயிற்சி. நுட்ப அளவைப் பார்ப்பது, சான்றறிக்கையைப் படிப்பது, கண்டதையும் கணித்ததையும் பிரித்தறிவது, ஒட்டியிருக்கும் உலோகத்தையும் மருந்தையும் கவனிப்பது ஆகிய நான்கும் கல்லூரி முதலாண்டிலேயே கற்பிக்கக் கூடியவை. அவற்றைத் தமிழில் விளக்கும் நூல்களும் காணொளிகளும் பெருக வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் உயிரியல் பாடத்தில் ஹீமோகுளோபினை நடத்தும்போது பலகைப் படத்தோடு நிறுத்தாமல் காப்பகத்தைத் திறந்து காட்ட வேண்டும். மருந்து நிறுவனங்கள் தம் தரக்கட்டுப்பாட்டு வேதியியலாளர்களுக்கு மாதத்தில் ஓரிரு மணி நேரம் இதற்கென ஒதுக்க வேண்டும்.

இந்த உருவங்கள் சரியா என்று சோதிக்கும் அளவுகோலை 1963இல் உலகுக்குத் தந்தவர்கள் கிண்டியில் வேலை செய்தவர்கள். அவர்களிடம் இன்றைய காப்பகமும் இல்லை, கணினித் திரையும் இல்லை. எல்லாம் கையில் இருக்கும் நம் மாணவர்கள் இன்று 1பிடிஎல் பதிவையும் 3கியூ6எக்ஸ் பதிவையும் திறந்து, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தாமே கண்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.